பாதிக்குப் பாதி கேட்கிறார் மாப்பிள்ளையின் அண்ணன்

கேள்வி: அப்பா 1988-ல் மார்த்தாண்டத்தில் ஒரு சைவ ஹோட்டல் தொடங்கினார். இன்று எங்களுக்கு மூன்று பெயர்களில் ஏழு கடைகள். சைவம் மூன்று, அதில் ஒன்று கன்னியாகுமரியில். மீன் சாப்பாட்டுக் கடை இரண்டு. பேக்கரியும் டீயும் சேர்ந்தது இரண்டு. அப்பா, அண்ணன், நான் மூவரும் பங்குதாரர்கள். சாயங்காலம் பேக்கரிக் கல்லாவில் அம்மா உட்காருவார். மூன்று பெயரில் ஒன்றையும் இன்னும் பதிவு செய்யவில்லை. எல்லாம் போக மாதம் எட்டு லட்சம் நிற்கிறது. என் தங்கையின் கணவருடைய அண்ணன் குளச்சலில் மீன் மொத்த வியாபாரி. "கம்பெனியாக்குங்கள், 3 கோடி போடுகிறேன், பாதிப் பங்கு தாருங்கள், மீனும் நானே தருகிறேன், இரண்டு வருடத்தில் இன்னும் பத்துக் கடை போடலாம்" என்கிறார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா பெயரில் இருக்கும் மார்த்தாண்டம் கட்டிடத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருப்போம், மூன்று பெயருக்கும் மூன்று கம்பெனி வைப்போம் என்கிறான். இதற்கிடையில் திருநெல்வேலியில் இருந்து ஒருவர், எங்கள் பெயரில் அங்கே கடை நடத்த ஃபிரான்சைஸ் கேட்கிறார். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா இன்னும் உயில் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் அந்த எட்டு லட்சத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எட்டு லட்சம் உங்கள் லாபம் இல்லை.

மார்த்தாண்டம் கடைக்கு நீங்கள் வாடகை கொடுப்பதில்லை, அப்பா கட்டிடம். அந்த இடத்துக்கு வெளியாள் ஒன்றரை லட்சம் தரமாட்டாரா? தருவார். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,77,000. நீங்களும் அண்ணனும் காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து ராத்திரி கணக்கு முடித்து வீட்டுக்குப் போகிறீர்கள், சம்பளம் என்று ஒரு ரூபாய் எழுதுவதில்லை. அந்த வேலைக்கு இரண்டு மேனேஜர் போட்டால் ஆளுக்கு அறுபதாயிரமாவது ஆகும். சாயங்காலம் பேக்கரிக் கல்லாவில் அம்மா உட்காருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஒரு இருபதாயிரம். எல்லாம் கழித்தால் மாதம் 4,83,000 நிற்கும், வருடத்துக்கு 58 லட்சம். கம்பெனிக்குள் பணம் போடுகிற எவனும் இந்த 58-ஐத்தான் பார்ப்பான், 96 லட்சத்தைப் பார்க்கமாட்டான்.

இப்போது அவர் சொன்ன 3 கோடிக்கு வருவோம். புதுப் பங்குகளுக்காக அந்தப் பணம் கம்பெனிக் கணக்குக்கு வந்து அவருக்குப் பாதி போகிறதென்றால், இன்றைக்கு இருக்கிற உங்கள் தொழிலுக்கும் 3 கோடி மதிப்புப் போட்டிருக்கிறார் என்று பொருள். ஐந்து வருட லாபத்துக்குக் கொஞ்சம் மேலே. ஏழு கடை உள்ள குடும்ப ஹோட்டலுக்கு அது அடிமாட்டு விலை கிடையாது. ஆனால் பணம் கம்பெனிக்கு வருகிறதா, அப்பாவின் பங்கை வாங்கி அப்பா கையில் கொடுக்கிறாரா என்பதை எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது வகையில் கடைக்கு ஒரு புதுக் கிரைண்டர்கூட வராது.

ஆக, விலையில் அவர் உங்களை ஏமாற்றவில்லை. எனக்கு உறுத்துவது அந்தப் 'பாதி'தான்.

பாதிக்குப் பாதி என்றால் நியாயம் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் அப்படித்தான் வந்தது. 1995-ல் விக்ரம் பக்‌ஷி என்ற டெல்லிக்காரரோடு சரிபாதிக் கூட்டு, கனாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் என்ற கம்பெனி, வட இந்தியாவும் கிழக்கும் அவர்கள் கையில். 2013 ஆகஸ்டில் அவரை நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து இறக்கினார்கள். வழக்கு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2017-ல் அவரைத் திரும்ப உட்கார வைத்தது தீர்ப்பு. இந்தச் சண்டைக்கு நடுவே, 2017 ஜூனில் டெல்லியில் இருந்த 55 கடைகளில் 43-ஐ மூடினார்கள். உணவகம் நடத்தும் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். கடைசியில் 2019 மே மாதம் அவர் பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கி முடித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஆறு வருடம் ஆனது.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு கடை. இரண்டு கூட்டாளிகள், சரிபாதி. ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம் ஏதோ பேச்சில் மனக்கசப்பு. அதில் ஒருவர் பேங்குக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டார்: என் கையெழுத்து இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கணக்கு நின்றது. மூன்றாம் நாள் பால்காரர் வந்து கேனைக் கீழே இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். டீ இல்லாத ஹோட்டலுக்குக் காலையில் யார் வருவார்? எதிரே ஒருவன் தள்ளுவண்டி போட்டான். கூட்டாளிகள் ஒரு மாதத்தில் சமாதானமானார்கள், தள்ளுவண்டிக்காரன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

கம்பெனியில் சில முடிவுகளுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும். ஆர்டிக்கிள்ஸ் என்கிற உள்விதியை மாற்றுவது, வெளியாளுக்குப் புதுப் பங்கு கொடுப்பது போன்ற பெரிய முடிவுகளுக்கு, எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். அதனால் ஒருவர் கையில் 25 சதவீதம் இருந்தால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். 26 இருந்தால் அவர் ஒருவரே தடுக்கலாம். நான் சொல்வது இது: இதே மதிப்பில் 1 கோடி வாங்குங்கள். இருக்கிற 3 கோடியோடு சேர்ந்து 4 கோடி, அதில் அவருக்குக் கால் பங்கு. பத்துக் கடை வேண்டாம், மூன்று போதும். ஏழு கடை போட உங்கள் அப்பாவுக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது, பத்துக் கடையை இரண்டு வருடத்தில் போடுகிற மாஸ்டர்கள் உங்களிடம் இருக்கிறார்களா?

பங்கைக் காலோடு நிறுத்த வரிக் காரணமும் உண்டு. பார்ட்னர்ஷிப்பைக் கம்பெனியாக மாற்றும்போது மூலதன ஆதாய வரி வராமல் இருக்க வருமான வரிச் சட்டம் சில நிபந்தனை வைத்திருக்கிறது. ஃபர்மின் சொத்தும் கடனும் முழுதாகக் கம்பெனிக்குப் போக வேண்டும். பங்குதாரர்கள் எல்லாரும், அவரவர் மூலதனக் கணக்கில் நிற்கிற விகிதத்திலேயே ஷேர் வாங்க வேண்டும். ஷேர் தவிர வேறு காசு கைமாறக் கூடாது. அவர்கள் எல்லாருடைய பங்கும் சேர்ந்து ஐந்து வருடத்துக்குப் பாதிக்குக் குறையக் கூடாது. சம்பந்தி வீட்டுக்காரருக்குப் பாதி கொடுத்தால் நீங்கள் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். அடுத்த வருடம் பணம் போதவில்லை என்று இன்னும் ஒரு ஷேர் கொடுத்தாலும் அந்தச் சலுகை போய்விடும்.

அந்த மூலதனக் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அண்ணன் வீடு கட்ட எடுத்த பணம் பற்று எழுதியிருக்கிறதா, உங்கள் கல்யாணச் செலவு யார் கணக்கில் இருக்கிறது? மூவருக்கும் சமம் என்று வாய்வழியாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். லெட்ஜரைத் திறந்தால் அப்பாவுக்கு 40, உங்கள் இருவருக்கும் 30, 30 என்று நிற்கலாம். ஷேர் அந்த விகிதத்தில்தான் விழும்.

மீனுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் ருசியான பகுதி. அமெரிக்காவில் ரெட் லாப்ஸ்டர் என்று ஒரு கடல் உணவுக் கடை. 1968-ல் பில் டார்டன் ஃபுளோரிடாவில் ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் ஜெனரல் மில்ஸ் என்ற மாவுக் கம்பெனி அதை வாங்கியது, பிறகு ஆலிவ் கார்டன் என்ற இத்தாலிச் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்தது, 1995-ல் இரண்டும் டார்டன் என்ற பெயரில் தனிக் கம்பெனியாகப் பிரிந்தன. ஒரே கூரைக்கு அடியில் பல பெயர், உங்களைப் போலத்தான். 2014-ல் டார்டன் ரெட் லாப்ஸ்டரை மட்டும் 210 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடைகள் நின்ற நிலத்தையும் கட்டிடத்தையும் வேறொருவருக்கு 150 கோடி டாலருக்கு விற்று, அதே கடைகளில் வாடகைக்கு உட்கார்ந்தார்கள். பிறகு தாய்லாந்தின் கடல் உணவுக் கம்பெனியான தாய் யூனியன் 2016-ல் கால் பங்கு வாங்கி, 2020-ல் மற்றவர்களோடு சேர்ந்து மொத்தக் கம்பெனியையும் எடுத்துக்கொண்டது. இருபது டாலருக்கு வேண்டுமட்டும் இறால் என்று போட்ட போட்டில் ஒரு காலாண்டில் மட்டும் 1 கோடி டாலருக்கு மேல் நட்டம். 2024 மே மாதம் திவால் மனு. இறால் கொடுத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் கழற்றிவிடப்பட்டு முதலாளியின் சொந்த இறாலே கூடுதல் விலைக்கு உள்ளே வந்தது என்ற குற்றச்சாட்டு அந்த மனுவிலேயே இருந்தது. கொள்முதல் போக, ஏறிக்கொண்டே போன வாடகையும் ஒரு பெரிய காரணம்.

அண்ணன் சொல்கிற யோசனையும் சம்பந்தி வீட்டுக்காரர் சொல்கிற யோசனையும் இந்த ஒரே கதைக்குள் இருக்கின்றன.

கட்டிடத்தை விற்காதீர்கள். விற்ற பணம் கடை அலங்காரத்திலும் ஏசியிலும் போகும், வாடகை மட்டும் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டு வரும். அதிலும் ஹோட்டல்காரனுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நீங்கள் பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிறவர்கள், உள்ளே கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஜவுளிக்கடைக்காரன் வாடகை மேல் கட்டும் 18 சதவீதத்தைக் கழித்துக்கொள்வான், உங்களுக்கு அது முழுச் செலவு. இரண்டு லட்சம் வாடகை என்றால் 2,36,000 என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 10-லிருந்து, கட்டிடக்காரர் ஜி.எஸ்.டி.யில் பதியாதவராக இருந்தாலும் பதிந்த வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும், ஆகவே அப்பாவுக்கு வாடகை கொடுத்தாலும் இது உண்டு. கட்டிடம் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். அது ஃபர்மின் சொத்து இல்லை என்பதால் கம்பெனிக்குள் இழுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சந்தை வாடகைக்கு நீண்ட கால ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பணம் போடுகிறவருக்கும் அதுதான் நிம்மதி, நாளைக்கு உங்களுக்குள் சண்டை வந்தால் கடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம் அவருக்கும் இருக்கும்.

மீனை அவரிடம் வாங்கலாம். குளச்சலில் அவர் எடுக்கிற பாறையும் நெய்மீனும் உங்கள் பையன் போய் எடுக்கிறதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய ஏல விலையை ஒட்டிய விலைதான், அவர் சொல்லும் விலை கிடையாது. மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் அவரிடம் வாங்கக் கட்டாயம் இல்லை. தடைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு தடை. சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு, வள்ளத்து மீன்தான். அந்த இரண்டு வாரத்தில் ஒரு கிலோ நெய்மீன் என்ன விலைக்குக் கம்பெனிக்கு வரும் என்று இப்போதே அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

மூன்று பெயருக்கு மூன்று கம்பெனி வேண்டாம். ஆடிட்டரான எனக்கு ஃபீஸ் மூன்று மடங்கு வரும், இருந்தும் சொல்கிறேன். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆடிட் கட்டாயம். அதைவிட, பேக்கரி அடுப்பில் செய்த கேக் மீன் கடைக்குப் போனால் அது ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றது ஆகிவிடும், அதற்கும் வரி, அதையும் கழிக்க முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாநிலம், ஒரே பதிவு என்றால் சமையலறையிலிருந்து கடைக்குச் சரக்கு போவதற்கு வரியே இல்லை. களியக்காவிளை தாண்டி பாறசாலையில் கடை போடும் ஆசை இருந்தால் கேரளத்தில் தனிப் பதிவு எடுக்க வேண்டும், இங்கிருந்து போகிற மசாலாவுக்கும் வரி உண்டு. பஸ்ஸில் பத்து நிமிடத் தூரம்தான், கணக்கில் வேறு நாடு மாதிரி.

மூன்று பெயரும் ஒரே கம்பெனியில் இருப்பதன் அருமை உங்கள் கல்லாவிலேயே தெரிந்திருக்குமே. கார்த்திகை பிறந்து சாமிமார் வண்டி கன்னியாகுமரிக்கு வரத் தொடங்கினால் சைவக் கடையில் இலை போட இடம் இருக்காது, அப்போது மீன் கடை சோர்ந்து கிடக்கும். தவக்காலத்தில் பேக்கரியின் சிக்கன் பப்ஸ் தட்டில் அப்படியே இருக்கும். ஒன்று தூங்கும்போது ஒன்று விழித்திருக்கிறது. பிரித்துவிட்டால் தூங்குகிற மாதத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கம்பெனிக்குப் பொதுவான ஒரு பெயர் வையுங்கள், கடைப் பெயர் வேண்டாம். பில்லில் கம்பெனிப் பெயர் வந்தாக வேண்டும். சைவக் கடைக்கு முப்பத்தைந்து வருடமாக வருகிற பெரியவர் பில்லில் மீன் கடைப் பெயரைப் பார்த்தால் அடுத்த வேளைக்கு வரமாட்டார். கே.எஃப்.சி. பில்லை எடுத்துப் பாருங்கள், தேவயானி இன்டர்நேஷனல் அல்லது சஃபயர் ஃபுட்ஸ் என்று இருக்கும். பெயர் அமெரிக்காவின் யம் பிராண்ட்ஸ் உடையது, நடத்துவது 2021-ல் பங்குச் சந்தைக்கு வந்த இந்த இந்தியக் கம்பெனிகள், கட்டிடம் அநேகமாக மூன்றாவது ஒருவருடையது. சாப்பிடுகிறவனுக்கு ஒரே கடை, உரிமை மூன்று துண்டு.

உங்கள் மூன்று பெயரில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிரேட்மார்க்கில் ஹோட்டல் சேவைக்கு 43-ஆம் வகுப்பு, பேக்கரிச் சரக்குக்கு 30-ஆம் வகுப்பு. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் இருந்தால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கம்பெனி ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், ஃபர்ம் பெயரில் இந்த வாரமே போடுங்கள், பிறகு அதோடு சேர்ந்தே கம்பெனிக்குப் போகும். சில ஆடிட்டர்கள் பெயரைக் குடும்பத்தின் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியிடம் ராயல்டி வாங்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கட்டிடமும் உங்களுடையது, பெயரும் உங்களுடையது என்றால் 1 கோடி போட்டவர் எதற்குப் பங்குதாரர், நாற்காலிக்கும் மேசைக்குமா? ராயல்டிக்கும் 18 சதவீதம் வரி, அதுவும் திரும்ப வராது. குடும்பத்தின் பங்கு பாதிக்குக் கீழே போனால் அப்பா வைத்த அந்த முதல் பெயர் மட்டும் குடும்பத்துக்குத் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

திருநெல்வேலி ஃபிரான்சைஸ் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு உங்கள் மீன் கறி மாஸ்டர் பத்து நாள் லீவு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாளும் மரச்சீனிக்கிழங்குக்கு ஊற்றுகிற சாளைக்கறி அதே ருசியில் இருந்தால் ஃபிரான்சைஸ் கொடுங்கள். இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

இனி உயில். நீங்கள் கடைசி வரியில் எழுதினீர்கள், நான் முதலில் வைத்திருக்க வேண்டியது. ஒரு காலத்தில் நம் மாவட்டம் திருவிதாங்கூர். அங்கே கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஆண் மகனைப் போலப் பங்கு கிடையாது. 1986-ல் மேரி ராய் வழக்கில், இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா உயில் எழுதாமல் போனால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி இரண்டு பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. கணக்குப் போடுவோம். 25 சதவீதம் வெளியே போனபின் அப்பாவின் 40, கம்பெனியில் 30 ஆகிறது. அதில் அம்மாவுக்கு 10, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6.67. தங்கையின் 6.67-ம் அவள் கணவருடைய அண்ணனின் 25-ம் சேர்ந்தால் 31.67. நீங்கள் கஷ்டப்பட்டு 25-ல் நிறுத்திய கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

தங்கையை ஒதுக்கச் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியதை அப்பா கண் முன்னாலேயே, கட்டிடத்திலோ வேறு நிலத்திலோ, உயிலில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஷேரில் தான் வேண்டும் என்றால் அதையும் கொடுக்கலாம், கணக்கைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். ஷேருக்கு நாமினி போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாமினி சொந்தக்காரன் ஆகிவிடமாட்டான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யார் ஷேர் விற்றாலும் முதலில் குடும்பத்துக்குத்தான் கேட்க வேண்டும் என்ற விதியை ஆர்டிக்கிள்ஸிலேயே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு சகோதரர்களின் குடும்பக் கம்பெனி ஒன்று இருந்தது, மொத்தம் ஐம்பது ஷேர், கிளைக்கு இருபத்தைந்து. இந்தச் சமநிலை எப்போதும் மாறக் கூடாது என்று பெரியவர்கள் வாய்வார்த்தையாகப் பேசி வைத்திருந்தார்கள். ஒரு கிளையில் ஒருவர் தன் ஷேரை அடுத்த கிளைக்கு விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, ஆர்டிக்கிள்ஸில் இல்லாத பேச்சு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று 1990-களின் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசியதும் அப்படித்தான் போகும்.

வரும்போது கடைசி மூன்று வருட மூலதனக் கணக்கு, ஏழு கடையின் தனித்தனி விற்பனை, ஒவ்வொரு கடையின் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நகல், இவற்றை எடுத்து வாருங்கள். அண்ணனையும் கூட்டி வாருங்கள், அவர் இல்லாமல் நான் பேசமாட்டேன். அதற்கு முன் ஒன்று மட்டும் இன்றைக்கே அவரிடம் கேளுங்கள்: கட்டிடத்துக்கு யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கிவிட்டாரா? வாங்கியிருந்தால் நாளைக் காலையில் எனக்குப் போன் செய்யுங்கள், மற்றதையெல்லாம் சவேரியார் திருவிழா கழிந்து பேசிக்கொள்ளலாம்.